கம்ப்யூட்டரின் கடைசி வார்த்தை: நீலத் திரை கறுப்பானது ஏன்?

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

அன்று உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மயங்கி விழுந்தன.

விமான நிலையங்களில் அறிவிப்புப் பலகைகள் நின்றன. இங்கிலாந்தில் பல டாக்டர்களால் நோயாளிகளின் குறிப்பை எடுத்துப் பார்க்க முடியவில்லை. ஸ்கை நியூஸ் என்னும் டெலிவிஷன் நிலையம் சிறிது நேரம் செய்தியே ஒளிபரப்பாமல் நின்றது. இந்தியாவில் விமானம் ஏற வந்தவர்களுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள்.

விழுந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஒரே காட்சிதான். திரை முழுவதும் நீல நிறம். அதில் ஒரு சோக முகம். அதன் கீழே நாலைந்து வரி இங்கிலீஷ்.

இப்படி விழுந்தவை ஏறக்குறைய 85 லட்சம் என்று மைக்ரோசாப்ட் கம்பெனி கணக்குச் சொன்னது. உலகில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நூற்றில் ஒன்று விழுந்ததற்கே இவ்வளவு அமளி!

அந்த நீலத் திரைக்கு அடுத்த ஆண்டு முடிவு வந்தது. அதன் நிறத்தைக் கறுப்பாக மாற்றப்போவதாக 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் மைக்ரோசாப்ட் அறிவித்தது. சோக முகத்தையும் எடுத்துவிட்டார்கள்.

நிறத்தை மாற்றினால் நோய் தீருமா? அந்த வரிகள் என்னதான் சொல்கின்றன? யாருக்குச் சொல்கின்றன?

கம்ப்யூட்டர் இல்லாத ஆபீசு இன்று இல்லை. ஆகவே இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சத்திரத்து மணியக்காரர்

ஒரு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும். ஒரு பக்கம் கடிதம் அடிப்பார்கள். ஒரு பக்கம் பாட்டு ஓடும். இன்னொரு பக்கம் கணக்கு நடக்கும். இவற்றை எல்லாம் கட்டி மேய்க்க ஒரு நிர்வாகி வேண்டும் அல்லவா?

அந்த நிர்வாகிக்கு "ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். விண்டோஸ் அதில் ஒரு வகை. லினக்ஸ் இன்னொரு வகை. நிர்வாகத்தின் நடு உயிர் போன்ற பகுதியைக் "கெர்னல்" என்பார்கள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அந்தச் சொல்லின் பொருள்.

கெர்னலைச் சத்திரத்து மணியக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். சத்திரத்தில் அறைகள் பல. வந்தவர்களுக்கு அவர்தான் அறை ஒதுக்குகிறார். கம்ப்யூட்டரின் நினைவகமே அந்த அறைகள். கடிதம் அடிக்கும் புரோகிராம், பாட்டுப் பாடும் புரோகிராம் எல்லாம் தங்க வந்தவர்கள்.

தங்க வந்தவர் ஒருவர், தனக்கு ஒதுக்காத அறைக் கதவைத் திறக்கப் போகிறார். மணியக்காரர் என்ன செய்வார்? அவரை மட்டும் வெளியே அனுப்பிவிடுவார். சத்திரம் வழக்கம்போல நடக்கும். செல்போனில் ஒரு ஆப் மட்டும் திடீர் என்று மூடிக்கொள்கிறதே, அது இந்த வகைதான்.

மணியக்காரரே வழி தவறி, இல்லாத அறையைத் திறக்கப் போனால்? அவரை வெளியே அனுப்ப ஆள் இல்லை. எந்த அறை யாருக்கு என்ற கணக்கே குழம்பிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் சத்திரத்தை நடத்தினால், ஒருவர் பெட்டி இன்னொருவர் கைக்குப் போகும்.

ஆகவே மணியக்காரர் கடையைக் கட்டுகிறார். கட்டும் முன் வாசல் கதவில் ஒரு சீட்டை எழுதி ஒட்டுகிறார். அந்தச் சீட்டுதான் நீலத் திரை.

அன்று நடந்தது என்ன?

கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டர்களுக்குக் காவல் காக்கும் புரோகிராம் விற்கிறது. காவல்காரர் எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் அவருக்கு மணியக்காரரின் சாவிக்கொத்தே கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது, அந்தப் புரோகிராம் கெர்னலுக்கு உள்ளேயே வேலை செய்தது.

அன்று இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்குக் காவல்காரருக்குப் புதிய உத்தரவு ஒன்று போயிற்று. "உன்னிடம் வரும் குறிப்புகளில் 21-வதைப் பார்" என்றது அந்த உத்தரவு. காவல்காரருக்கு வந்த குறிப்புகளோ 20-தான். 21-வது இடத்தில் கிடந்தது வேறு எதுவோ. அதை விலாசம் என்று நம்பி, இல்லாத அறைக்குப் போனார்.

மறுகணமே நீலத் திரை வந்தது.

10 மணி 57 நிமிடத்துக்கு உத்தரவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 78 நிமிடத்தில் தவறு நின்றது. ஆனால் விழுந்தவை எழவில்லை. கம்ப்யூட்டரை மறுபடி போட்டால், காவல்காரர் மறுபடி அதே உத்தரவைப் படிப்பார். மறுபடி விழும். புதிய உத்தரவை வாங்கிக்கொள்ளக்கூட அதற்கு நேரம் கிடைக்காது.

ஆகவே நிபுணர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் நேரில் போக வேண்டி வந்தது. ஒரு கோப்பைக் கையால் அழித்தார்கள். பூட்டுப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு 48 இலக்கம் கொண்ட ரகசிய எண்ணையும் தேடிப்பிடிக்க வேண்டி இருந்தது. டெல்டா என்ற ஒரு விமானக் கம்பெனி மட்டும் ஐந்து நாளில் சுமார் 7,000 விமானப் பயணங்களை ரத்து செய்தது.

இவ்வளவு அமளியிலும் நிபுணர்கள் நோயை விரைவில் கண்டுபிடித்தார்கள். எப்படி? நீலத் திரையில் ஒரு சிறு வரி இருந்தது. "கெட்டது எது?" என்ற தலைப்பின் கீழ், "சி.எஸ்.ஏஜென்ட்" என்ற பெயரை அது சொன்னது. அது காவல் புரோகிராமின் பெயர்.

"எதிரி நாட்டின் வேலையோ" என்று பலரும் கலங்கிய நேரத்தில், எங்கே தேட வேண்டும் என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்தது.

நீல நிறம் வந்த கதை

நீல நிறம் எப்படி வந்தது? அதற்கு ஒரு கதை உண்டு.

1993-ம் ஆண்டு விண்டோஸ் என்.டி. என்ற புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளிவந்தது. அதன் கடைசிச் செய்தியை எழுதியவர் ஜான் வெர்ட் என்ற என்ஜினீயர். அவர் வேலை செய்த கம்ப்யூட்டரில், போட்டவுடன் நீலத்தில் வெள்ளை எழுத்துத்தான் தெரியும். அவர் எழுதுவதற்கு வைத்திருந்த புரோகிராமும் அதே நிறம். பழகிய நிறத்தையே அவர் பயன்படுத்திவிட்டார். உலகத்தையே கலக்கிய நிறத்துக்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை!

அதற்கு முன் வந்த விண்டோஸ் 3.1-லும் ஒரு நீலத் திரை உண்டு. ஒரு புரோகிராம் பதில் சொல்லாமல் நின்று, ஆத்திரத்தில் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அது வரும். அந்தத் திரையில் முதலில் எழுதியிருந்த வாசகம் ஸ்டீவ் பால்மர் என்ற அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. "உங்களால் இதைவிட நன்றாக எழுத முடியுமானால் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். பிற்காலத்தில் மைக்ரோசாப்ட் கம்பெனிக்கே தலைவரானவர் அவர்.

கம்பெனியின் பெரிய அதிகாரியே உட்கார்ந்து எழுதும் அளவுக்கு, அந்த நாலு வரிக்கு மதிப்பு இருந்தது.

பழைய நீலத் திரை முழுவதும் எண்கள் நிறைந்திருக்கும். அது என்ஜினீயர்களுக்காக எழுதியது. குடும்பத்தார் பார்த்தால் தலை சுற்றும். 2012-ம் ஆண்டு வந்த விண்டோஸ் 8, எண்களை ஒதுக்கிவிட்டுச் சோக முகத்தைக் கொண்டுவந்தது. குடும்பத்தாருக்குப் பயம் குறைந்தது. ஆனால் என்ஜினீயருக்குக் கிடைக்கும் தடயமும் குறைந்தது.

இதுதான் இந்த விஷயத்தில் உள்ள பெரிய சிக்கல். படிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு ஆறுதல் வேண்டும். மற்றவருக்கு ஆதாரம் வேண்டும். இடம் இருப்பதோ ஒரு சீட்டு.

"இங்கே வெட்டு"

லினக்ஸ் வேறு வழியில் போயிற்று.

லினக்ஸ் 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. இன்று உலகில் பெரும்பாலான இன்டர்நெட் நிலையங்களும், ஆண்ட்ராய்டு செல்போன்களும் அதன் கெர்னலில்தான் ஓடுகின்றன.

லினக்ஸ் கெர்னல் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நேரம் இருக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதில் இருந்து எத்தனை வினாடி என்பது அந்த நேரம். எழுதும் ஏடு அளவானது. நிரம்பிவிட்டால் மிகப் பழைய வரிகள் அழிந்து, அந்த இடத்தில் புதிய வரிகள் ஏறும்.

எல்லா வரிக்கும் ஒரே மரியாதை இல்லை. 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் வைத்திருக்கிறார்கள். 0 என்றால் வீடு தீப்பற்றிய நிலை. 4 என்றால் எச்சரிக்கை. 6 என்றால் வெறும் தகவல். 7 என்றால் நிபுணர்கள் சோதனைக்காக எழுதிவைக்கும் குறிப்பு. எந்தப் படிவரை திரையில் காட்டுவது என்பதைக் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் தீர்மானிக்கலாம்.

ஏதாவது விபரீதம் நடந்தால் முதலில் ஒரு கோடு வரும். கோட்டின் நடுவே "இங்கே வெட்டு" என்று எழுதியிருக்கும். பத்திரிகைகளில் கூப்பனைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டுக் கத்தரிக்கச் சொல்வார்களே, அதே யோசனைதான்!

ஏன் இப்படி? கோளாறைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் கடைசி வரியை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். நோயின் வேர் முதல் வரியில் இருக்கும். "இந்தக் கோட்டில் இருந்து முடிவுக் கோடு வரைக்கும் அப்படியே வெட்டி அனுப்பு" என்று கம்ப்யூட்டரே சொல்லிக்கொடுக்கிறது.

கோட்டின் கீழே ஒழுங்கு மாறாமல் விவரங்கள் வரும். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் தவறு நடந்தது. எந்தப் புரோகிராம் அப்போது ஓடியது. கெர்னலின் பதிப்பு என்ன. கணக்குப் போடும் உறுப்பின் கையில் அந்தக் கணத்தில் என்னென்ன எண்கள் இருந்தன. யார் யாரைக் கூப்பிட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கடைசியாகச் சொன்ன பட்டியல் முக்கியமானது. போலீசார் விசாரிக்கும்போது, "கடைசியாக எங்கே இருந்தாய், அதற்கு முன் எங்கே, அதற்கும் முன் எங்கே" என்று பின்னோக்கிக் கேட்பார்கள். அதைப்போல ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்த் தவறு தொடங்கிய இடத்தைப் பிடிக்கலாம்.

கறை எழுத்துகள்

அந்தச் சீட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. கெர்னலுக்கு "கறை" பட்டிருக்கிறதா என்பதையும் அது சொல்லிவிடும்.

கறை என்றால் என்ன? உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளிக்காட்டாத ஒரு கம்பெனியின் புரோகிராமைக் கெர்னலுக்குள் சேர்த்திருந்தால், "பி" என்ற எழுத்து வரும். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் "டபிள்யூ" வரும். ஏற்கெனவே ஒரு தரம் கெர்னல் அடிபட்டிருந்தால் "டி" வரும்.

இதில் நியாயம் இருக்கிறது. முதல் விபத்தில் அடிபட்ட ஆள், இரண்டாவது விபத்தைப் பற்றிச் சொல்லும் சாட்சியம் தடுமாறும். ஆகவே "என் சாட்சியத்தை முழுவதும் நம்பாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மனிதர்களே சொல்லத் தயங்கும் உண்மை இது!

மிக மோசமான நிலைக்கு "பானிக்" என்று பெயர். பீதி என்று பொருள். அந்தச் செய்தியில் "எழுதி வைக்கவில்லை" என்ற பொருளில் இரண்டு வார்த்தை சேர்ந்து வரும். நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதவில்லை என்பது அதன் கருத்து. கணக்கே குழம்பிவிட்ட பிறகு, குழம்பிய கணக்கை நல்ல பேரேட்டில் ஏற்றக்கூடாது அல்லவா? சேமித்து வைத்ததாவது தப்பட்டும் என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது.

"பீதி" என்ற பெயர் பழைய யூனிக்ஸ் காலத்தது. யூனிக்சை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியிடம், மல்ட்டிக்ஸ் என்ற பழைய சிஸ்டத்தில் வேலை செய்த நண்பர் ஒருவர், "நான் எழுதுவதில் பாதி, தவறு வந்தால் சமாளிப்பதற்காகத்தான்" என்று சொன்னார். "நாங்கள் அதை எல்லாம் விட்டுவிட்டோம். தவறு வந்தால் பீதி என்ற பகுதியைக் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் நின்றுவிடும். மறுபடி போடு என்று பக்கத்து அறைக்குச் சத்தம் போடுவோம்" என்று ரிச்சி பதில் சொன்னாராம்.

அன்று கம்ப்யூட்டரும் அதைக் கவனிப்பவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். சத்தம் போட்டால் கேட்டது. இன்று கம்ப்யூட்டர் ஒரு தேசத்தில் இருக்கிறது. கவனிப்பவர் இன்னொரு தேசத்தில் இருக்கிறார். சத்தம் போட்டால் கேட்காது. ஆகவே எழுதிவைக்கும் சீட்டுக்கு மதிப்புக் கூடிவிட்டது.

வெடிகுண்டும் தீயும்

வார்த்தை தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணங்கள் பல உண்டு.

1984-ம் ஆண்டு வந்த மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர், கோளாறு வந்தால் வெடிகுண்டுப் படத்தைக் காட்டியது. "இது பொதுமக்கள் கண்ணில் படவே படாது" என்று சொல்லித்தான், சூசன் கேர் என்ற ஓவியரை அந்தப் படம் வரையச் சொன்னார்கள். மக்களோ அதைத் தாராளமாகப் பார்த்தார்கள்!

லினக்சில் பழைய காலத்தில் "பிரிண்டர் தீப்பற்றி எரிகிறது" என்ற செய்தி இருந்தது. உண்மையில் தீ எதுவும் இல்லை. பிரிண்டரில் கோளாறு, ஆனால் காகிதம் தீர்ந்ததாகவும் தெரியவில்லை, இணைப்பு விட்டதாகவும் தெரியவில்லை. இனம் தெரியாத கோளாறுக்கு வேடிக்கையாக அப்படி எழுதிவிட்டார்கள்.

பழைய விண்டோசில் ஒரு புரோகிராம் தவறு செய்தால், "இது சட்டவிரோதமான செயல் செய்துவிட்டது" என்று பொருள்படும் இங்கிலீஷ் வாசகம் வரும். அது கம்ப்யூட்டரின் உள்விதி மீறல். கோர்ட்டுக்கும் போலீசுக்கும் அதில் சம்பந்தம் இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பத்தாருக்கு அது எப்படித் தெரியும்? பின்னால் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அந்த வாசகத்தை மாற்றிவிட்டார்கள்.

படிப்பவர் இன்னார் என்று நினைக்காமல் எழுதியதன் பலன் இவை எல்லாம்.

மூன்றாவது ஆளும் படிப்பான்

சீட்டைப் படிப்பவர்களில் மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. அவன் திருடன்.

கெர்னல் எந்த அறையில் என்ன வைத்திருக்கிறது என்ற விலாசங்கள் பழைய செய்திகளில் அப்படியே வரும். என்ஜினீயருக்கு அது உதவி. கம்ப்யூட்டருக்குள் கன்னம் வைக்க நினைப்பவனுக்கும் அது உதவி! வீட்டில் பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டலாமா?

ஆகவே 2018-ம் ஆண்டு வந்த 4.15 பதிப்பில் லினக்ஸ் ஒரு மாறுதல் செய்தது. சாதாரணமாக விலாசம் எழுத வேண்டிய இடத்தில், உண்மை விலாசத்தை எழுதுவது இல்லை. அதற்குப் பதில் ஒரு மாற்று எண்ணை எழுதுகிறது. ஒரே விலாசம் இரண்டு இடத்தில் வந்தால் ஒரே மாற்று எண் வரும். அதனால் என்ஜினீயர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருடனால் அந்த எண்ணை வைத்து அறையைக் கண்டுபிடிக்க முடியாது.

நிறுத்துவதா, எச்சரிப்பதா?

தவறு கண்டவுடன் கெர்னல் நின்றுவிட வேண்டுமா? எச்சரித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டுமா? இது நிபுணர்களுக்குள் நீண்ட நாளாக நடக்கும் வாதம்.

"நின்றுவிட்டால் சீட்டு எழுதவே நேரம் இருக்காது. எழுதாமல் செத்தால் யாருக்கு லாபம்? எச்சரிக்கை எழுதிவிட்டு முடிந்தவரை ஓடட்டும்" என்பது டோர்வால்ட்சின் கட்சி.

"பணம் புரளும் இடத்தில் தவறான கணக்கோடு ஒரு வினாடிகூட ஓடக்கூடாது" என்பது எதிர்க்கட்சி. எச்சரிக்கை வந்தாலே கம்ப்யூட்டரை நிறுத்திவிடும்படி ஏற்பாடு செய்துகொள்ளவும் லினக்சில் வசதி இருக்கிறது.

லினக்ஸ் எழுதுகிறவர்களுக்கான விதிப் புத்தகம் இதற்கு ஒரு தீர்ப்புச் சொல்கிறது. கம்ப்யூட்டரை நிறுத்தும் முடிவு பொதுவாக அதைப் பயன்படுத்துகிறவருக்கு உரியது. புரோகிராம் எழுதியவருக்கு உரியது அல்ல என்பது அந்தத் தீர்ப்பு. ஆஸ்பத்திரியில் ஓடும் கம்ப்யூட்டரும், ஒரு மாணவன் மேசையில் ஓடும் கம்ப்யூட்டரும் ஒன்றல்ல. எதை நிறுத்தலாம் என்பது அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.

கட்டம் போட்ட படம்

கடையில் பணம் கொடுக்கக் கட்டம் கட்டமாக ஒரு படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா? அந்தக் கியூ.ஆர். படம் 2016-ம் ஆண்டு நீலத் திரைக்கும் வந்தது. செல்போனால் அதைப் படம் பிடித்தால், மைக்ரோசாப்ட் கம்பெனியின் உதவிப் பக்கம் ஒன்று திறக்கும். ஆனால் அது பொதுவான பக்கம்தான். அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்த தனி நோயைப் பற்றி அதில் இருக்காது.

2024-ம் ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 பதிப்பு ஒரு படி மேலே போயிற்று. அதில் வரும் கட்டப் படத்துக்குள், கெர்னல் எழுதிய நாட்குறிப்பின் கடைசிப் பகுதியையே சுருக்கி வைக்க முடியும். ஒரு போட்டோ எடுத்தால் போதும். எண்களைப் பார்த்து எழுதும் தொல்லை இல்லை. பார்ப்பவருக்குத் திரையில் பயமுறுத்தும் வரிகளும் இல்லை. ஆறுதலும் ஆதாரமும் ஒரே சீட்டில் வந்துவிட்டன!

விண்டோசின் புதிய கறுப்புத் திரையோ கட்டப் படத்தையும் எடுத்துவிட்டது. ஆனால் நோயின் குறியையும், தவறு செய்த உறுப்பின் பெயரையும் தெளிவாகக் காட்டும். திரை நின்றுபோகும் நேரம் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய 2 வினாடியாகக் குறையும் என்றும் மைக்ரோசாப்ட் அறிவித்தது.

அதைவிடப் பெரிய மாறுதல்கள் இரண்டு உண்டு. எழ முடியாமல் திரும்பத் திரும்ப விழும் கம்ப்யூட்டர், தானே இன்டர்நெட் மூலம் மருந்தை வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்திருக்கிறார்கள். காவல் புரோகிராம்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் முயற்சியும் தொடங்கி இருக்கிறது. அதாவது, காவல்காரரிடம் இருந்து மணியக்காரரின் சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கப் பார்க்கிறார்கள். நோயைத் தீர்க்கும் மருந்து இவைதான். நிறம் மாறியது மேல்பூச்சுத்தான்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

வீட்டிலோ கடையிலோ இப்படித் திரை வந்தால் பதற வேண்டாம். "நான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன்" என்று பிள்ளைகள் பயந்து மறைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது தொட்டவர் குற்றம் அல்ல. உள்ளே இருக்கும் ஒரு உறுப்பின் கோளாறாக இருக்கும். அல்லது ஒரு புரோகிராமின் தவறாக இருக்கும்.

உடனே செல்போனால் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பாதகம் இல்லை. பழுது பார்ப்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால், அவர் இருட்டில் துழாவ வேண்டியது இல்லை. "ஏதோ நீலமாக வந்தது" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு முறை வந்து போனால் பெரும்பாலும் கவலை இல்லை. திரும்பத் திரும்ப வந்தால், முக்கியமான கணக்குகளையும் போட்டோக்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு.

இந்தத் திரையைப் போலவே போலித் திரை காட்டி மோசம் செய்யும் கூட்டம் இருக்கிறது. இன்டர்நெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீர் என்று திரை நிறம் மாறும். அபாயச் சங்கு ஊதும். "உங்கள் கம்ப்யூட்டரில் விஷக்கிருமி புகுந்துவிட்டது. உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று ஒரு டெலிபோன் நம்பர் வரும். போன் செய்தால் இனிமையாகப் பேசுவார்கள். பிறகு கம்ப்யூட்டரைத் தங்கள் வசம் எடுத்துக்கொள்வார்கள். பாங்கில் இருக்கும் பணம் போய்விடும்.

உண்மைத் திரைக்கும் போலித் திரைக்கும் வித்தியாசம் சுலபம். உண்மையான கெர்னல் செய்தியில் டெலிபோன் நம்பர் இருக்காது. மைக்ரோசாப்ட் கம்பெனி, தன் எச்சரிக்கைகளில் டெலிபோன் நம்பர் கொடுப்பதே இல்லை என்று சொல்லியிருக்கிறது. உண்மைத் திரை பணம் கேட்காது, சங்கு ஊதாது, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டாது. தன் குறிப்பை எழுதிவிட்டு, பெரும்பாலும் தானே மறுபடி எழுந்துகொள்ளும்.

இப்படி யாராவது பணத்தை இழந்துவிட்டால், வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இந்தியா முழுவதற்கும் உரிய சைபர் மோசடிப் புகார் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு.

உண்மையான எச்சரிக்கை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு நிற்கும். போலி எச்சரிக்கை, பயத்தைக் கிளப்பிவிட்டுப் பணப்பையைத் தேடும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால், திரை எந்த நிறத்தில் வந்தாலும் கவலை இல்லை.